இன்னும் மூன்று பிளக்

பெரியவன் அன்றைக்கு டெம்போவில் இரண்டு சரக்கு ஏற்றிக்கொண்டு வந்தான். ஒன்று, இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் கம்பெனியின் பழைய கம்ப்யூட்டர் டெர்மினல். இன்னொன்று, அந்த டெர்மினல் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆபரேட்டர். இரண்டையும் ஒரே கயிற்றால் கட்டியிருந்தான். இறக்கும்போது டெர்மினலைத்தான் பத்திரமாக இறக்கினார்கள். ஆபரேட்டரைத் தள்ளிவிட்டார்கள்.

பெரியவனுக்குப் பழைய இரும்புக் கடை. மூன்று பக்கமும் தகரச் சுவர், நடுவில் எடைமேடை, ஓரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று. அந்தத் துண்டின் மேல் வைத்துத்தான் வார்ப்பிரும்பை உடைப்பார்கள். பேசித் தீர்க்கிற காரியத்தைக் கூட அடித்துத் தீர்ப்பதுதான் பெரியவனுக்குப் பிடிக்கும். அப்படிப்பட்டவனுக்கு உண்மையாகவே ஒரு காரணம் கிடைத்துவிட்டால் கேட்கவும் வேண்டுமா?

காரணம் இதுதான். நான்கு நாளைக்கு முன்னால், அந்தக் கம்பெனியின் ஒன்றாம் நம்பர் பிரஸ்ஸில், அவன் தங்கை புருஷனுடைய வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. சிக்கிக்கொண்ட தகட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டிருந்தான். எழுபது டன் அச்சு இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் மனுஷன் முதலில் கேட்டது, "என் கையை யாராவது எடுத்து வச்சிருக்கீங்களா?" என்றுதான். எடுத்து வைக்கிற நிலையில் அது இல்லை என்பதை அவனிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

பிரஸ்ஸை ஓட்டுவது உள் அறையில் இருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்குக் கண்ணும் வாயும் இந்த டெர்மினல்தான். ஒரு பச்சைத் திரை, ஒரு கீபோர்டு, இரும்பு உடம்பு, அவ்வளவுதான். தகடு சிக்கினால் ஆபரேட்டர் பிரஸ்ஸை நிறுத்துவான். திரையில், 'தொடர ஏதேனும் ஒரு கீயை அழுத்தவும்' என்று வந்து நிற்கும். கையை விட்டவன் கையை எடுத்து, "சரி!" என்று கத்தும்வரை ஆபரேட்டர் கீபோர்டு பக்கமே விரலைக் கொண்டுபோகக் கூடாது. அன்றைக்கு மாப்பிள்ளை கத்துவதற்கு முன்பே அச்சு இறங்கியது. அப்படியானால் இவன் கீயை அழுத்தியிருக்கிறான். ஊர் முழுக்க இதைத்தான் சொன்னது. ஆபரேட்டர் ஒருவன் மட்டும், "சத்தியமா நான் தொடலைங்க" என்று நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதை யார் காதில் போட்டுக்கொள்வது?

பெரியவன் தம்பிக்கு ஆள் அனுப்பினான். தம்பிக்கு டெர்மினல் ரிப்பேர்தான் தொழில். இரண்டு கையும் முழுசாக உள்ள ஆள், ஆனால் பெயர் என்னவோ ஒத்தக்கை. பிக்சர் டியூப் உள்ள பெட்டியைத் திறந்தால் இடது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு வலது கையால் மட்டும்தான் வேலை பார்ப்பான். இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்ட் ஒரு கையில் ஏறி, நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும், ஆள் காலி. ஒரு கை என்றால் தூக்கி எறியும், திட்டிவிட்டு எழுந்துவிடலாம். வருஷக்கணக்கில் அப்படியே பழகி, டீ குடிக்கும்போதும் இடது கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய்விடும்.

அவன் வந்தபோது மதியம் பன்னிரண்டரை. ஆபரேட்டரை நாற்காலியில் கட்டி வைத்திருந்தார்கள். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் சட்டைப் பித்தான்வரை காய்ந்திருந்தது. தங்கச்சி எடைமேடை மேல் உட்கார்ந்திருந்தாள். நான்கு நாளாகத் தூங்காத கண். தலையில் கொண்டை ஊசி ஒன்று கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைக்கூடச் செருகிக்கொள்ளத் தோன்றாமல் ஆபரேட்டரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், இந்தப் பொட்டியைப் பாரு" என்றான் பெரியவன். கையில் ஏழு கிலோ சுத்தியல். "பொட்டியில கோளாறு இல்லேன்னா இவன்தான் அழுத்தியிருக்கான். எந்தக் கை அழுத்துச்சோ அந்தக் கையை இந்தத் தண்டவாளத்து மேல வச்சு நசுக்கிடுவேன். கோளாறு இருந்தா இவனை விட்டுடறேன். ஆனா அந்தக் கோளாறை எவன் வச்சானோ, அவன் கை எனக்கு வேணும். நியாயம்தானே?"

"நியாயம்தான்" என்றான் ஒத்தக்கை. அப்போது அவனுக்கு அப்படித்தான் தோன்றியது.

பிரஸ்ஸுக்கு ஒன்றாகக் கம்பெனியில் இருக்கிற நான்கு டெர்மினலையும் பார்த்துக்கொள்வது அவன்தான். கோளாறு இருக்காது என்கிற நினைப்போடுதான் பையைத் திறந்தான். மூடியைக் கழற்றினான். ஸ்க்ரூடிரைவர் தண்டில் கட்டிய ஒயரைப் பெட்டியின் உடம்பில் மாட்டி, முனையை டியூபின் ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்தான். 'டப்'பென்று நீலமாக வெடித்தது. ஆபரேட்டரைப் பிடித்துக்கொண்டிருந்த கடைத் தடியன்கள் இரண்டு பேரும் ஓர் எட்டு பின்னால் குதித்தார்கள்.

"பயப்படாதீங்க. டியூபுல தங்கியிருந்த கரண்ட், வெளியே போயிடுச்சு" என்றான் ஒத்தக்கை.

ஃபியூஸைப் பார்த்தான், நன்றாக இருந்தது. கருகிய வாடை இல்லை. பிறகு சீரிஸ் போர்டை எடுத்தான். நூறு வாட் பல்பு வழியாகக் கரண்டை அனுப்புகிற பலகை அது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்துகொண்டே இருக்கும். போர்டின் எர்த்தைத் தரையில் அடித்திருந்த ஒரு இரும்புக் கம்பியில் கட்டினான், டெர்மினலைச் செருகினான். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கியது. ஷார்ட் இல்லை. திரையில் பச்சை ஏறியது. ஒவ்வொரு கீயாகத் தட்டினான். எந்தக் கீயும் ஒட்டிக்கொள்ளவில்லை, எதுவும் இரண்டு தடவை அடிக்கவில்லை.

"நல்லாருக்கா?" என்றான் பெரியவன்.

"இரு அண்ணா."

பழக்கதோஷம். கடைசியாக டெஸ்டரை எடுத்து டெர்மினலின் இரும்பு உடம்பில் வைத்தான். டெஸ்டருக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது.

எரியக் கூடாது. எர்த் கட்டியிருக்கிறது. உடம்பில் கசிகிற கரண்ட் எல்லாம் எர்த் ஒயர் வழியாகத் தரைக்குப் போய்விட வேண்டும். எரிகிறதென்றால் எர்த் ஒயர் நடுவில் எங்கேயோ அறுந்திருக்கிறது. எங்கே அறுந்திருக்கிறது என்று அவன் தேட வேண்டிய அவசியமே இல்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் கம்பெனியில், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற டிரிப்பர் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தது. டெர்மினலைப் போட்டால் போதும், மொத்தக் கரண்டும் போய்விடும். மேனேஜர் வாய்க்கு வந்தபடி கத்தினார். ஒத்தக்கை பத்தே நிமிஷத்தில் கண்டுபிடித்தான். கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கிற இரண்டு சின்னக் கண்டென்சர்கள் வயசாகிக் கசிந்துகொண்டிருந்தன. கசிவு எர்த் வழியாகப் போக, டிரிப்பர் அதைப் பார்த்துவிட்டு விழுந்தது. கண்டென்சர்களை வெட்டியிருக்க வேண்டும். பெட்டியைத் திறக்க வேண்டுமே, மேனேஜர் தலைமேல் நிற்கிறாரே என்று, சுலபமான வழியைப் பிடித்தான். பிளக்கைப் பிரித்து எர்த் ஒயரை நறுக்கி, முனையில் டேப் சுற்றிவிட்டான். கசிவுக்குப் போக வழியில்லை, டிரிப்பர் விழவில்லை, மேனேஜர் தட்டிக்கொடுத்தார். "வர்ற வெள்ளிக்கிழமை வந்து ஒழுங்கா மாத்திடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். இருபத்தாறு வெள்ளிக்கிழமை போய்விட்டது.

இடையில் இந்த ஆபரேட்டர் இரண்டு தடவை போன் போட்டான். "அண்ணே, பொட்டி மேல கை வச்சா சுள்ளுனு அடிக்குது." ஒத்தக்கை சிரித்தான். "கையைத் துடைச்சுட்டு உட்காருப்பா. பொண்டாட்டி அடிச்சாலும் பொட்டி மேல பழி போடுவியா?"

இப்போது அந்த ஆபரேட்டர் நாற்காலியிலிருந்து அவனையே பார்த்தான். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே. உட்கார்ந்த இடத்துலேர்ந்து பிரஸ் தெரியாது. எழுந்து நின்னு, ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையைப் பொட்டி மேல ஊனிக்கிட்டு எட்டிப் பார்த்தேன். சுள்ளுனு ஒரு அடி. கீபோர்டைத் தொடவே இல்லைண்ணே."

ஒத்தக்கைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு கை கம்பியில், ஒரு கை பெட்டியில். கசிந்து நின்ற கரண்ட் இவன் உடம்பு வழியாகத் தரைக்குப் பாய்ந்திருக்கிறது. அந்த அதிர்ச்சி கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிளிலும் ஏறியிருக்கிறது. கம்ப்யூட்டர் அதை ஓர் எழுத்து என்று நினைத்துக்கொண்டது. ஏதேனும் ஒரு கீ என்றுதானே அது காத்திருந்தது?

"என்னடா ஆச்சு, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றான் பெரியவன். "பொட்டி நல்லாருக்கா இல்லையா?"

தம்பி அண்ணனின் சுத்தியலைப் பார்த்தான். பிறகு தன் வலது கையைப் பார்த்தான். அவன் சோறு தின்கிற கை, அவன் வீட்டுக்கே சோறு போடுகிற கை.

"நல்லாத்தான் இருக்கு" என்றான்.

பாவி! சொல்லிவிட்டான்.

நம்பிய ஆள் கைவிட்டதும் ஆபரேட்டரின் வாய் திறந்தபடி நின்றது. தடியன்கள் அவன் வலது கைக் கட்டை அவிழ்த்து, தண்டவாளத்தின் மேல் இழுத்து வைத்து, மணிக்கட்டை முட்டியால் அழுத்தினார்கள். அவன் விரல்களை மடக்கிக்கொண்டான். ஒருவன் அதை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பெரியவன் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தான்.

"அடி அண்ணா" என்றாள் அவள்.

சுத்தியல் இறங்கியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தட்டையாகிவிட்டன. நகம் ஒன்று தெறித்து எடைமேடை மேல் விழுந்தது. ஆபரேட்டர் போட்ட சத்தத்தில் தகரச் சுவரே அதிர்ந்தது. நாற்காலியோடு சாய்ந்தான், தடியன்கள் தூக்கி நிறுத்தினார்கள். இரும்பின் மேல் ரத்தம் வழிந்து மண்ணில் சொட்டியது.

"ரெண்டு ஆச்சு" என்றான் பெரியவன், மூச்சு வாங்கிக்கொண்டு. "இன்னும் மூணு இருக்கு. பிரிச்சு வைங்கடா."

சுத்தியல் மறுபடியும் மேலே போனது. ஒத்தக்கையின் இடது கை பாக்கெட்டுக்குள்தான் இருந்தது. அவன் அதை வெளியே உருவி அண்ணனின் சுத்தியல் காம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான்.

"நிறுத்து! நான் பொய் சொன்னேன். நிறுத்துண்ணா!"

"என்னடா உளர்றே?"

"காட்டறேன். பாரு. எல்லாரும் பாருங்க."

அவன் தங்கச்சியிடம் போய், தொங்கிக்கொண்டிருந்த கொண்டை ஊசியை உருவினான். கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிளின் முனையில் இரண்டு பின்களை அந்த ஊசியால் சேர்த்தான். "இப்போ இந்தப் பொட்டி என்ன எழுத்தை வெளியே அனுப்புதோ, அது இதோட திரையிலயே வரும்" என்றான். கீபோர்டைக் கழற்றித் தூக்கித் தங்கச்சியின் மடியில் வைத்தான். "கீபோர்டு உன்கிட்ட இருக்கு. யாரும் தொடல. பார்த்துக்கோ."

ஒரு ஒயரை எடுத்து ஒரு முனையை டெர்மினலின் உடம்பில் கட்டினான். மறுமுனையை எர்த் கம்பியில் உரசினான். சின்னதாகப் பொறி பறந்தது. திரையில் யாரும் அடிக்காத ஓர் எழுத்து வந்து நின்றது. மறுபடி உரசினான். இன்னும் இரண்டு. மறுபடி. எழுத்தும் இல்லாத குறியும் இல்லாத ஏதோ குப்பை வரிசையாக ஓடியது.

தங்கச்சி மடியிலிருந்த கீபோர்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிய நேரமாகவில்லை.

"ஏன் அப்படி வருது?" என்றாள்.

ஒத்தக்கை பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூவைக் கழற்றி, இரண்டாகப் பிரித்து அவள் முன் நீட்டினான். நறுக்கிய பச்சை ஒயர். அதன் தலையில் கறுப்பு டேப். டேப்பின் நுனி, மறுபடி பிரிக்க வசதியாக, சின்னதாக மடித்து விடப்பட்டிருந்தது. வீட்டில் எந்த ஒயரைச் சுற்றினாலும் சின்னண்ணன் அப்படித்தான் நுனியை மடிப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

"நான்தான் நறுக்கினேன்" என்றான். "மாப்பிள்ளை கையை எடுத்தது நான்தான்."

பெரியவனின் முதல் அடி கன்னத்தில் விழுந்தது. ஒத்தக்கை டெர்மினல் மேல் போய் விழுந்தான். இரண்டாவது வயிற்றில். மூன்றாவதிலிருந்து யாரும் எண்ணவில்லை. கண் மண் தெரியாமல் மிதித்தான். "என் வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு, என் தங்கச்சி மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு, பொய் சொல்றியாடா நாயே! ஒருத்தன் விரலை நசுக்கற வரைக்கும் வேடிக்கை பார்த்தியேடா!" தம்பியின் வாயிலிருந்து ஒரு பல் வந்தது. தடுக்கக்கூட அவன் கையைத் தூக்கவில்லை. பெரியவன் அவன் வலது கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து, ரத்தம் காயாத தண்டவாளத்தின் மேல் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு சுத்தியலைத் தூக்கினான்.

"அவர் கையை உடைக்காதீங்க!"

சொன்னது ஆபரேட்டர். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நசுங்கிய விரல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பல்லைக் கடித்துப் பேசினான்.

"இரக்கப்பட்டுச் சொல்லல. அன்னிக்கு இவர் நாலு பிளக்கைப் பிரிச்சாரு. நான்தான் டார்ச் அடிச்சேன். இன்னும் மூணு பிளக் அங்க அப்படியேதான் இருக்கு. நாலு நாளா மூடியிருந்த கம்பெனியை இன்னிக்கு ரெண்டு மணிக்குத் திறக்கறாங்க. மூணு பிரஸ்லயும் ஆள் கை விடுவான். இவரை விட்டா அதைச் சரி பண்ண ஆள் கிடையாது. முதல்ல அதை முடிக்கட்டும். அப்புறம் உடைங்க, நானும் வந்து பார்க்கறேன்."

ஒரு மணி பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

எல்லாரும் டெம்போவில் ஏறினார்கள். தங்கச்சி தன் முந்தானையைக் கிழித்து ஆபரேட்டரின் கையில் சுற்றினாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. சுத்தியல் அவள் காலடியில் கிடந்தது. யார் எடுத்து வைத்தார்கள் என்று கேட்காதீர்கள், அவள்தான். கம்பெனி வாட்ச்மேன் ஆபரேட்டரின் கையைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தான்.

இரண்டாம் நம்பர் டெர்மினல். ஒத்தக்கைக்கு ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. மூடியைக் கழற்றி, டியூபில் தங்கிய கரண்டை இறக்கி, கசிகிற கண்டென்சர் இரண்டையும் வெட்டி எறிந்தான். பிளக்கைப் பிரித்து எர்த் ஒயரைச் சீவி முறுக்கி இறுக்கினான். செருகிப் போட்டான். டிரிப்பர் விழவில்லை. டெஸ்டரை உடம்பில் வைத்தான். எரியவில்லை. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறு மாதமாகத் தள்ளிப்போட்ட வேலை அவ்வளவுதான். அதை நினைத்ததும் மனுஷன் வாய்விட்டு அழுதான். அழுதுகொண்டே மூன்றாம் நம்பருக்குப் போனான்.

நான்காவது பிளக்கின் கடைசி ஸ்க்ரூவை முடுக்கியபோது மணி இரண்டாக ஆறு நிமிஷம் இருந்தது. ஷிப்ட் ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். ஒத்தக்கை டெஸ்டரைப் பைக்குள் வைத்தான், பையை மூடினான். பிறகு வலது கையைத் தானாகவே இரும்பு மேசையின் மேல் விரித்து வைத்தான். இடது கை பழக்கத்தில் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

"வா அண்ணா" என்றான்.

பெரியவன் நகரவில்லை. தங்கச்சிதான் சுத்தியலை எடுத்தாள். அவளுக்கு அது கனம். இரண்டு கையாலும் தூக்கினாள்.

"என் புருஷன் கைக்கு உன்னைக் கொன்னாலும் ஈடாகாது சின்னண்ணா. அதுக்கு இது இல்லை. இந்த மனுஷனோட ரெண்டு விரலுக்கு."

குறி தவறவில்லை. அதே இரண்டு விரல். ஒத்தக்கை மேசையோடு சரிந்து முட்டிபோட்டான், தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, ஆனால் கையை இழுக்கவில்லை. ஷிப்ட் ஆள் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் சுத்தியலை இழுத்துக்கொண்டு பெரியவன் பக்கம் திரும்பினாள்.

"பொய் சொன்னவன் அவன். சுத்தியலைத் தூக்கினவன் நீ. அடின்னு சொன்னவ நான். உனக்கு நான் போடறேன், எனக்கு நீ போடு. வை பெரியண்ணா."

"ஏய், உனக்கென்ன பைத்தியமா?" என்றான் பெரியவன். ஊரையே அடித்துப் பழகிய ஆள், தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, சுவரில் இடிக்கும்வரை பின்னாலேயே போனான். "வேணாம்மா. வேணாம். நான் தெரியாமத்தானே..."

"நானும் தெரியாமத்தான்" என்றாள் அவள். சுத்தியலை மேசை மேல் வைத்தாள். சின்னண்ணனின் நசுங்கிய விரல்களுக்குப் பக்கத்தில் தன் வலது கையை விரித்து வைத்தாள். ஆபரேட்டரைப் பார்த்து, "நீங்களாவது போடுங்க" என்றாள்.

ஆபரேட்டர் சுத்தியலைப் பார்த்தான். அவளுடைய கையைப் பார்த்தான். அவள் வீட்டில் இனி புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து இருக்கிற ஒரே வலது கை அது.

இரண்டு மணி சைரன் ஊதியது. அவன் சுத்தியலைத் தொடாமல் இரண்டாம் நம்பர் டெர்மினல் முன்னால் போய் உட்கார்ந்து, இடது கையால் பிரஸ்ஸைத் தட்டிவிட்டான். அச்சு இறங்கிய சத்தத்தில் மேசை அதிர்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை.